இலை போட்டால் சோறு வெந்துவிட்டது என்று அர்த்தமா?

பென்ஷன் வாங்குகிற வயதில் அடிக்கடி காதில் விழுகிற வாக்கியங்கள் மூன்று. ‘சர்வர் இல்லை’, ‘நெட் வரல’, ‘மெஷின் எடுக்கல’. ரேஷன் கடை, இ-சேவை மையம், பேங்க் என்று எங்கே போனாலும் இதில் ஒன்றாவது கிடைக்கும். நாமும் பழகிப்போய், பக்கத்தில் டீக்கடை எங்கே என்று தேட ஆரம்பித்துவிடுகிறோம்.

பல நேரம் உண்மையிலேயே சர்வர் மக்கர் செய்யும், கேபிள் அறுந்திருக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தடங்கல்களில் ஒரு பகுதிக்கு சர்வரும் காரணமில்லை, நெட்டும் காரணமில்லை. கணினி கண் விழிக்கும்போது எந்த வேலையை முதலில் தொடங்க வேண்டும், எது எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டில் இருக்கிற கோளாறுதான் காரணம். அது சரிசெய்யக்கூடிய கோளாறு. சரிசெய்யாமல் விட்டதற்கான விலையை, வரிசையில் நிற்கிற மனிதர் கொடுக்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கணினிப் படிப்பு படித்தவன் அல்ல. தொலைபேசித் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் எக்ஸ்சேஞ்சும் லைனுமாக இருந்தவன். ஆனால் ‘அந்தப் பக்கம் தயாராக இருக்கிறதா?’ என்ற கேள்விதான் எங்கள் தொழிலுக்கே அரிச்சுவடி. அந்த உரிமையில் பேசுகிறேன்.

கணினியின் பொத்தானை அமுக்கியதும் திரையில் படம் தெரிகிறது. நாம் பார்ப்பது அவ்வளவுதான். உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல், நூற்றுக்கும் குறையாத சின்னச் சின்ன வேலைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வருகிறார்கள். ஒருவர் கடிகாரத்தைச் சரிசெய்வார், ஒருவர் பிரிண்டரைக் கவனிப்பார், ஒருவர் நெட்வொர்க்கை இணைப்பார், ஒருவர் கைரேகைக் கருவியோடு பேசுவார். இவர்களுக்கு ‘சர்வீஸ்’ என்று பெயர். ஒருவரை நம்பி இன்னொருவர் இருப்பதால், யார் முன்னால் யார் பின்னால் என்ற ஒழுங்கு தேவைப்படுகிறது.

பழைய யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் இதற்கு எளிய வழி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு சர்வீஸின் பெயருக்கு முன்னாலும் ஒரு எண். ரெட் ஹாட் லினக்ஸில் நெட்வொர்க்குக்கு 10, தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் சர்வீஸுக்கு 55 என்று இருக்கும். பத்தாம் எண்காரர் வேலையை முடித்த பிறகுதான் அடுத்தவர். ரேஷன் கடை டோக்கன் மாதிரி. மெதுவாக நடக்கும், ஆனால் ஒரு நிதானம் உண்டு.

2010-இல் லெனார்ட் பொட்டரிங், கே சீவர்ஸ் என்ற இரண்டு நிரலாளர்கள் சிஸ்டம்-டி என்ற புதிய முறையைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் ஏன் சும்மா நிற்க வேண்டும், முடிந்தவரை எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கட்டும் என்பது அவர்கள் யோசனை. 2011-இல் ஃபெடோரா லினக்ஸ் இதை ஏற்றது. 2015-இல் டெபியனும் உபுண்டுவும் ஏற்றன. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய நம் நாட்டு பாஸ் லினக்ஸுக்கு அடித்தளம் டெபியன்தான். 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். 2014-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியபோது, அரசு அலுவலகங்களையும் பாஸுக்கு மாறச் சொன்னார்கள். ஆகவே இது ஏதோ அமெரிக்காக்காரர்களின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். நம் ஊர் மேஜை வரைக்கும் வந்த சங்கதி.

இந்தப் புதிய முறையில் ‘நெட்வொர்க் டார்கெட்’ என்று ஒரு மைல்கல் வைத்திருக்கிறார்கள். ‘என்னை நெட்வொர்க் டார்கெட்டுக்குப் பின்னால் தொடங்கு’ என்று ஒரு சர்வீஸ் எழுதி வைக்கலாம். படிக்கிற யாரும் என்ன நினைப்பார்கள்? நெட் வந்த பிறகு தொடங்கும் என்று. அதுதான் இல்லை. நெட்வொர்க்கை நிர்வகிக்கும் நிரல் எழுந்துவிட்டது என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். அந்த நிரல் இன்னும் முகம்கூடக் கழுவாமல் இருக்கலாம். கணினிக்கு முகவரி கிடைத்ததா, வெளியே போக வழி இருக்கிறதா என்பதைப் பற்றி அந்த மைல்கல் ஒன்றும் சொல்லாது. சொல்லப்போனால் அதன் முக்கியப் பயன் கணினியை அணைக்கும்போதுதான். தொடங்கிய வரிசைக்குத் தலைகீழாக அணைப்பதால், நெட்வொர்க் போவதற்கு முன்பே மற்ற சர்வீஸ்கள் தங்கள் பேச்சை முடித்துக்கொள்ள முடியும்.

உண்மையிலேயே நெட் வரும்வரை காத்திருக்க ‘நெட்வொர்க் ஆன்லைன் டார்கெட்’ என்று வேறொன்று இருக்கிறது. அதிலும் ஒரு சூட்சுமம். ‘அதற்குப் பின்னால் தொடங்கு’ என்று மட்டும் எழுதினால் போதாது. ‘அது எனக்கு வேண்டும்’ என்று தனியாக இன்னொரு வரியும் எழுத வேண்டும். இல்லாவிட்டால், வேறு யாரும் அதைக் கேட்காத பட்சத்தில், அந்தக் காத்திருப்பு நடக்கவே நடக்காது. வராத ஆளுக்குப் பின்னால் வரிசையில் நிற்பது என்பது முதல் ஆளாக நிற்பதுதானே!

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் இலை, பிறகு தண்ணீர், பிறகு கூட்டு பொரியல், பிறகு சோறு. வரிசை சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சமையல்கட்டில் உலையே கொதிக்கவில்லை என்றால்? இலையைப் பார்த்து ஓடிவந்து உட்கார்ந்தவர் அந்த இலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பரிமாறுகிற வரிசை ஒன்று, சோறு வெந்ததா என்பது வேறொன்று. முதலாவதைச் சரியாகச் செய்தாலே இரண்டாவது தானாக நடந்துவிடும் என்று நம்புவதில்தான் எல்லாக் குழப்பமும் ஆரம்பிக்கிறது.

இது ஏன் இப்போது அதிகம் தெரிகிறது என்றால், கணினி வேகமாகிவிட்டது. முன்பெல்லாம் சுழல்கிற ஹார்ட் டிஸ்க். பொத்தானை அமுக்கிவிட்டு ஒரு காபி குடித்து வரலாம். அதற்குள் மோடம் தன் விளக்குகளை எல்லாம் ஏற்றிக்கொண்டு தயாராக இருக்கும். இப்போது எஸ்எஸ்டி வந்துவிட்டது. இருபது முப்பது விநாடியில் கணினி எழுந்து நிற்கிறது. ஆனால் ஃபைபர் மோடம் எழுந்து, கண்ணாடி இழை வழியாக எதிர்முனையைக் கண்டுபிடித்து, தன்னை அடையாளம் காட்டி, உள்ளே அனுமதி வாங்க இரண்டு நிமிஷம்கூட ஆகும். முன்பு மோடம் முந்தியது, கணினி பிந்தியது. இப்போது தலைகீழ். நிரலில் இருந்த தவறு பத்து வருஷமாக அங்கேயேதான் இருந்தது. கணினியின் மெத்தனம் அதை மூடி வைத்திருந்தது. புதுக் கணினி வாங்கிய பிறகுதான் தொந்தரவு அதிகம் என்று சிலர் சொல்வதைக் கேட்டால் சிரிக்காதீர்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

நம் ஒட்டன்சத்திரத்தில் இது எப்போது தலைகாட்டும் என்று சொல்லவே வேண்டாம். கரண்ட் போய் வரும்போதெல்லாம்தான். காந்தி மார்க்கெட்டில் தக்காளியும் முருங்கையும் ஏலம் முடிந்து கேரளாவுக்கு லாரி கிளம்புகிற நேரம் என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் கடைக் கணினியும் மோடமும் ஒரே பிளக் பாயின்ட்டில் இருக்கும். கரண்ட் வந்ததும் இரண்டும் ஒரே நொடியில் ஓட்டத்தைத் தொடங்கும். கணினி ஜெயிக்கும். பில் போடுகிற நிரல் சர்வரைத் தேடும், கிடைக்காது, ‘இணைப்பு இல்லை’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும். இரண்டு நிமிஷத்தில் நெட் வந்துவிடும். ஆனால் ஒருமுறை கேட்டு இல்லை என்றதும் அந்த நிரல் மறுபடி கேட்பதே இல்லை. யாராவது மூடித் திறக்கும்வரை அப்படியே இருக்கும். லாரி வாடகையும் சுமை தூக்குபவர்களின் நேரமும் அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

நம் வயதுக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் கைரேகைக் கருவி. ஓய்வூதியர்களுக்கான டிஜிட்டல் வாழ்நாள் சான்றான ஜீவன் பிரமாண் 2014 நவம்பரில் வந்தது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் கைரேகை முறை 2020 அக்டோபரில் வந்தது. கணினியோடு இணைக்கிற இந்தக் கருவிகளுக்குப் பின்னால் ‘ஆர்டி சர்வீஸ்’ என்று ஒரு சர்வீஸ் ஓடவேண்டும் என்பது ஆதார் ஆணையத்தின் விதி. பதிவு செய்யப்பட்ட கருவி என்பதன் சுருக்கம்தான் அந்த ஆர்டி. கருவி உண்மையானதுதான் என்று நிரூபிக்க, இந்த சர்வீஸ் நெட் வழியாகத் தயாரிப்பாளரின் சர்வரோடு பேசியாக வேண்டும். கணினியின் 11100 முதல் 11120 வரையுள்ள போர்ட்டுகளில் ஒன்றில் காத்திருந்து, ‘தயாரா?’ என்று கேட்கிற நிரலுக்கு ‘தயார்’ அல்லது ‘தயார் இல்லை’ என்று பதில் சொல்ல வேண்டும் என்றுகூட விதியில் எழுதியிருக்கிறார்கள்.

நல்ல விதி. ஆனால் கவுன்டரில் நடப்பது என்ன? கருவியில் விளக்கு எரிகிறது. யூஎஸ்பி வழியாகக் கரண்ட் வந்தாலே எரிகிற விளக்கு அது. ‘விரலை வைங்க ஐயா’ என்கிறார்கள். வைக்கிறோம். எடுக்கவில்லை. ‘கையைத் துடைச்சிட்டு வைங்க’, ‘வேற விரல் வைங்க’, ‘வயசானா ரேகை தேஞ்சிரும்’. ரேகை தேய்வது உண்மைதான், அதிலும் மண்ணிலும் சுண்ணாம்பிலும் உழைத்த கைகளுக்கு. ஆனால் சில நேரம் ரேகைக்கு ஒன்றுமே ஆகவில்லை, சர்வீஸ்தான் எழுந்திருக்கவில்லை. கணினியின் அவசரத்துக்கு நம் விரல் பழி சுமக்கிறது. காலையில் கடை திறந்ததும் முதல் ஆளாக நிற்பவருக்கும், கரண்ட் வந்த கையோடு கூப்பிடப்படுபவருக்கும் இது நடக்க வாய்ப்பு அதிகம். சீக்கிரம் போனால் சீக்கிரம் முடியும் என்று வருகிற வயசாளிதான் அந்த முதல் ஆள்.

எங்கள் பழைய தொலைபேசி இந்த விஷயத்தில் எவ்வளவு நேர்மையானது தெரியுமா? ரிசீவரை எடுத்ததும் எக்ஸ்சேஞ்சில் ஒரு சுவிட்ச் சுழன்று, உங்கள் லைனைப் பிடித்து, எண்களை வாங்கிக்கொள்ளத் தயாரான பிறகுதான் டயல் டோன் கொடுக்கும். அந்த ‘உர்ர்’ சத்தத்துக்கு ‘நான் தயார், இனி நீங்கள் சுற்றலாம்’ என்று பொருள். டோன் வருவதற்கு முன் அவசரப்பட்டுச் சுற்றினால் முதல் எண் காணாமல் போகும், யார் வீட்டுக்கோ மணி அடிக்கும். ஸ்ட்ரௌஜர் காலத்திலும் அப்படித்தான். சி-டாட் நிறுவனம் 1984-இல் தொடங்கி, நம் நாட்டிலேயே 128 இணைப்புகளுக்கான கிராம எக்ஸ்சேஞ்சை வடிவமைத்து, ஊர் ஊராக வைத்த காலத்திலும் அப்படித்தான். டோனைக் கொடுப்பவர் யார் என்பதுதான் இதில் முக்கியம். போன் பெட்டி தானாக டோன் போட்டுக்கொள்ளாது. எந்த எக்ஸ்சேஞ்சோடு பேச வேண்டுமோ, அந்த எக்ஸ்சேஞ்சே கொடுக்கும். கைரேகைக் கருவியின் விளக்கு, போன் பெட்டி தனக்குத்தானே டோன் போட்டுக்கொள்வதைப் போன்றது.

சரி, ‘நெட் தயார்’ என்றால் என்ன? இங்கேதான் விஷயம் கொஞ்சம் சிக்கலாகிறது. கேபிளில் உயிர் இருக்க வேண்டும். கணினிக்கு ஒரு முகவரி கிடைக்க வேண்டும். பெயரைச் சொன்னால் எண்ணாக மாற்றித் தருகிற டிஎன்எஸ் வேலை செய்ய வேண்டும். கணினியின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். கடைசியில், தூரத்து சர்வர் பதில் சொல்ல வேண்டும். கடிகாரத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பாதுகாப்பான இணைப்புகளில் சர்வர் ஒரு சான்றிதழ் காட்டும். அதற்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. மதர்போர்டில் இருக்கிற பொத்தான் பேட்டரி தீர்ந்துபோய்க் கணினி பல வருஷம் பின்னால் போயிருந்தால், அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று நினைத்து மறுத்துவிடும். நேரத்தை நெட்டிலிருந்து வாங்கிச் சரிசெய்த பிறகுதான் மற்ற பேச்சு. இந்த ஐந்தில் எதுவரை வந்தால் ‘தயார்’ என்பது செய்கிற வேலையைப் பொறுத்தது. பக்கத்து அறை பிரிண்டருக்கு முதல் இரண்டு போதும். வாழ்நாள் சான்றுக்கு ஐந்தும் வேண்டும்.

அப்படியானால் எல்லாம் வரும்வரை கணினியை நிறுத்தி வைத்துவிடலாமே என்று தோன்றும். அந்த வழியையும் முயன்று பார்த்தார்கள். உபுண்டு சர்வர் ஒன்றில் இரண்டு நெட்வொர்க் போர்ட்டுகள் இருந்து, ஒன்றில் மட்டும் கேபிள் மாட்டியிருந்தால், கேபிள் இல்லாத போர்ட்டுக்காகவும் சேர்த்து முழுதாக இரண்டு நிமிஷம் காத்துக்கொண்டிருக்கும். வரவே போகாத மாப்பிள்ளைக்காக முகூர்த்தத்தை நிறுத்தி வைப்பது மாதிரி. விண்டோஸ் 2000 நெட்வொர்க் வரும்வரை காத்திருந்துதான் உள்ளே விடும். மெதுவாக இருக்கிறது என்ற முணுமுணுப்பு தாங்காமல் 2001-இல் வந்த எக்ஸ்பி காத்திருக்காமல் திரையைக் காட்டத் தொடங்கியது. உடனே அலுவலகங்களில் ‘நெட்வொர்க் டிரைவ்களை மீண்டும் இணைக்க முடியவில்லை’ என்ற செய்தி காலை வணக்கம் போல வந்து நின்றது. பிறகு விஸ்டாவில் ‘தாமதமாகத் தொடங்கு’ என்று ஒரு வசதி வைத்தார்கள். மற்ற சர்வீஸ்கள் தொடங்கிய பிறகு ஏறக்குறைய இரண்டு நிமிஷம் கழித்துத் தொடங்கும். அது குத்துமதிப்பு. நெட் பத்து விநாடியில் வந்தாலும் இரண்டு நிமிஷம். மூன்று நிமிஷத்தில் வந்தாலும் அதே இரண்டு நிமிஷம்தான்.

ஆக, காத்திருக்காமல் ஓடுவதும் தவறு, எல்லாரையும் நிறுத்தி வைப்பதும் தவறு. சிஸ்டம்-டி செய்தவர்களே தங்கள் விளக்கக் குறிப்பில், நெட் வரும் போகும் என்பதை ஏற்றுக்கொண்டு நடக்கிற மாதிரி ஒவ்வொரு நிரலும் எழுதப்பட வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். நான் முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். தொடங்கும்போது ஒருமுறை நெட் இருந்தால் போதும் என்பதே தப்புக்கணக்கு. பத்து மணிக்கு இருந்த நெட் பத்தேகாலுக்குப் போகலாம். தொடக்கத்தில் எவ்வளவு கவனமாகக் காத்திருந்தாலும் அதற்கு அது மருந்தாகாது. காத்திருக்கிற பொறுமை நிரலுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

ஆகையால் பொதுமக்கள் வந்து நிற்கிற கவுன்டருக்கு நிரல் எழுதுகிறவர்களிடமும், அதை வாங்குகிற அதிகாரிகளிடமும் நான் கேட்பது இதுதான். ஒருமுறை கேட்டு இல்லை என்றதும் படுத்துவிடக் கூடாது. ஐந்து விநாடி, பத்து விநாடி, இருபது விநாடி என்று இடைவெளி விட்டு மறுபடி மறுபடி கேட்க வேண்டும். திரையில் உண்மையைச் சொல்ல வேண்டும். ‘கைரேகை சரியில்லை’ என்பதும் ‘சர்வருக்காகக் காத்திருக்கிறேன்’ என்பதும் ஒன்றல்ல. தமிழில் சொன்னால் வரிசையில் நிற்பவரும் படித்துக்கொள்வார், கவுன்டரில் இருக்கும் பையனைத் திட்ட மாட்டார். நெட் இல்லாமலே செய்யக்கூடிய வேலைகளை அதுவரை செய்ய விட வேண்டும். பெயரைப் பதிவு செய்யலாம், மனுவைத் தட்டச்சு செய்யலாம். கடைசியாக, ஒரு நிரலை ஏற்றுக்கொள்ளும் முன் கணினியையும் மோடத்தையும் சேர்த்து மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டு, யாரும் கை வைக்காமல் தானாக எழுந்து வேலைக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். குளிரூட்டிய அறையில், எப்போதும் நெட் இருக்கிற இடத்தில் சோதித்தால் இந்தக் கோளாறு ஒருநாளும் தெரியாது. ஒட்டன்சத்திரத்தில் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற நாளில் வந்து சோதித்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் செலவு அதிகம் ஆகுமே என்பார்கள். மறுபடி கேட்பதற்கு நாலு வரி நிரல் கூடுதலாக எழுத வேண்டும், உண்மைதான். அதை ஒருமுறை எழுதினால் போதும். எழுதாமல் விட்டால், கள்ளிமந்தையத்திலிருந்தோ இடையகோட்டையிலிருந்தோ பஸ் ஏறி வந்த ஒரு பாட்டி ‘நாளைக்கு வாங்க’ என்ற பதிலோடு திரும்பிப் போவார். அடுத்த நாளும் பஸ் கட்டணம், அடுத்த நாளும் கூலி இழப்பு. அந்தச் செலவு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது என்பதால் அது செலவே இல்லை என்று ஆகிவிடாது.

அவர்கள் செய்யும்வரை வீட்டில் நாம் செய்துகொள்ளக் கூடியது கொஞ்சம் உண்டு. மோடத்தை இன்வெர்ட்டர் லைனில் மாட்டிவிடுங்கள், அல்லது மோடத்துக்கென்றே விற்கிற சின்ன யூபிஎஸ் ஒன்றை வைத்துவிடுங்கள். கரண்ட் போனாலும் மோடம் தூங்காது என்பதால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். அது முடியாவிட்டால் முதலில் மோடத்தைப் போட்டு, விளக்குகள் நிலைத்து எரிந்த பிறகு கணினியைப் போடுங்கள். கணினியின் தேதி தப்பாகக் காட்டினால் பொத்தான் பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள், பெரிய செலவில்லை. வெளியே கவுன்டரில் விரல் வைத்து எடுக்கவில்லை என்றால், உடனே உங்கள் ரேகையைச் சந்தேகிக்க வேண்டாம். ‘தம்பி, கரண்ட் இப்பத்தானே வந்துச்சு, ஆர்டி சர்வீஸ் ஓடுதான்னு ஒருதரம் பாருங்க’ என்று தன்மையாகக் கேளுங்கள். அந்தத் தம்பி உங்களை ஒருமாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். பார்த்துவிட்டு சர்வீஸையும் பார்ப்பார்.